மேகம் மறைத்த மலை

ஐரோப்பாவுக்குப் போய்விட்டு வருகிறவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் புத்தகம் போடுகிறார்கள். தெரியாதவர்கள் படம் காட்டுகிறார்கள். இரண்டில் படமே மேல் என்று நான் பல வருஷங்களாக நினைத்து வந்தவன். படம் காட்டுகிற நண்பர், "இது நான், இது என் சம்சாரம், பின்னால் தெரிவது ஏதோ ஒரு மாதாகோவில்" என்று உண்மையைச் சொல்லிவிடுகிறார். புத்தகம் போடுகிறவரோ அந்த மாதாகோவிலின் உயரம் என்ன, கட்டியவன் யார், எந்த ராஜா அங்கே முடிசூடிக்கொண்டான் என்றெல்லாம் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து எழுதி, தாமே கண்டுபிடித்தவர் மாதிரி நம்மை உட்கார வைத்துப் பாடம் நடத்துகிறார்.

இத்தகைய நூல்களின் அமைப்பு அநேகமாக ஒன்றுதான். முதல் அத்தியாயத்தில் விமானம் கிளம்புகிறது. மேகங்கள் பஞ்சுப் பொதிகளாகத் தெரிகின்றன. இரண்டாவது அத்தியாயம் பாரிஸ். 1889-ல் கட்டி முடித்த ஈபல் கோபுரத்தின் மீது ஆசிரியர் ஏறி இறங்குகிறார். மூன்றாவது ஸ்விட்ஜர்லாந்து, அங்கே தெருவில் குப்பை இல்லை, ரயில் நிமிஷம் தவறுவதில்லை, ஜனங்கள் உரக்கப் பேசுவதில்லை. நாலாவதில் ஆல்ப்ஸ் மலை. இங்கே வந்ததும் ஆசிரியருக்குப் பாஷை போதாமல் போய்விடுகிறது. வர்ணிக்க வார்த்தையில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்கப்புறம் இரண்டு பக்கம் வர்ணிக்கிறார். கடைசி அத்தியாயத்தில் தாய்நாட்டு மண்ணை மிதித்ததும் வீட்டு ரசத்தின் ருசியைப் பற்றி ஒரு பாரா. மங்களம்.

கேலி செய்வது சுலபம். ஆனால் நானும் இந்தக் குற்றத்தைச் செய்தவன் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு 9 நாள் சுற்றுப் பிரயாணமாகப் பாரிஸ், ஜினீவா, லூசர்ன் என்று போய் வந்தேன். கடல் கடந்து போனது அதுவே முதல் தடவை. 32 பேர் ஒரே பஸ்ஸில். கூடவே ஒரு சமையற்காரர். பகலில் புளியோதரைப் பொட்டலம், ராத்திரி தயிர்சாதம். ஷாமொனீ என்ற மலையடிவார ஊரில் எங்களுக்கு ஒதுக்கியிருந்தது ஒரே ஒரு பகல். 4,800 மீட்டருக்கு மேல் உயர்ந்த மோன் பிளாங்க் சிகரத்தைப் பார்க்கத்தான் அங்கே போனோம். அன்று விடிந்ததிலிருந்து மேகம். பத்து மணிக்கு விலகும் என்றார்கள். பிறகு, பன்னிரண்டுக்கு விலகும் என்றார்கள். மாலை வரையில் விலகவில்லை. ஐந்து மணிக்குப் பஸ் கிளம்பிவிட்டது.

ஊர் திரும்பியதும் ஒரு வாரப் பத்திரிகையில் எட்டு வாரம் எழுதினேன். ஆறாவது வாரத்தில், வெள்ளிக் கிரீடம் தரித்த சக்ரவர்த்தியைப் போல் மோன் பிளாங்க் என் முன் நின்றது என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு, விருதுநகரிலிருந்து ஒரு பெரியவர் கடிதம் போட்டிருந்தார். இந்த ஜன்மத்தில் அங்கெல்லாம் போகப்போவதில்லை, திண்ணையில் உட்கார்ந்தபடியே உங்கள் கண்ணால் மலையைப் பார்த்துவிட்டேன் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்கு நான் இன்று வரை பதில் போடவில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இல்லாததைச் சொல்வது தொழில். ஆனால் கதையில் சொல்வது பொய்யல்ல என்று வாசகருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இது அப்படியல்ல. ஏன் அப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். மலையைப் பார்க்காமல் வந்தவனுக்கு மலையைப் பற்றி எழுத என்ன உரிமை இருக்கிறது என்ற பயம்தான் காரணம். கொஞ்ச நாள் போய்வந்தவன் நிறையப் பார்த்தவன் மாதிரி எழுத வேண்டியிருக்கிறது. அப்படியானால், குறுகிய காலப் பிரயாணத்தைப் பற்றி எழுதத் தகுந்தது ஒன்றுமே இல்லையா?

இந்தக் கேள்வி மனசில் இருந்த சமயத்தில்தான் 1817-ல் லண்டனில் வெளியான ஒரு சின்னப் பிரயாண நூலைப் படித்தேன். அதன் பெயரை 'ஆறு வாரப் பயண வரலாறு' என்று தமிழில் சொல்லலாம். ஆசிரியர் பெயர் இல்லாமலே அச்சாயிற்று. எழுதியவள் மேரி, அடுத்த வருஷமே 'பிராங்கன்ஸ்டைன்' என்ற நாவலை வெளியிட்டு, பிற்பாடு உலகம் முழுவதும் பேர் பெற்ற மேரி ஷெல்லி. நூலின் முன்பகுதி 1814-ல் போன ஆறு வாரப் பிரயாணம். பின்பகுதியில் 1816-ல் ஜினீவாப் பக்கத்திலிருந்து எழுதிய நான்கு கடிதங்கள்: இரண்டு அவளுடையவை, இரண்டு கவி ஷெல்லியுடையவை. கடைசியில் மோன் பிளாங்க்கைப் பற்றி ஷெல்லி எழுதிய கவிதை.

1814 ஜூலை 28-ம் தேதி விடியற்காலையில் மூன்று பேர் லண்டனிலிருந்து புறப்படுகிறார்கள். மேரிக்கு வயது 16. ஷெல்லிக்கு 21. மூன்றாவது பேர்வழி கிளேர், மேரியின் சிற்றன்னைக்கு முன்பே பிறந்த பெண், அவளுக்கும் 16. நெப்போலியன் பட்டம் இழந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நீண்ட யுத்தத்தினால் ஆங்கிலேயருக்குப் பல வருஷம் அடைத்துக் கிடந்த பிரெஞ்சு நாடு அப்போதுதான் திறந்திருந்தது. ஒரு சிறு படகில், ராத்திரி முழுவதும் அலையிலும் காற்றிலும் தவித்துக் கலே துறைமுகத்தை அடைகிறார்கள். அங்கிருந்து பாரிஸ்.

பாரிஸைப் பற்றி மேரி அதிகம் எழுதவில்லை. காரணம், அங்கே அவர்கள் காத்திருந்தது பணத்துக்காக. ஊரைப் பார்க்க அவர்களுக்கு மனமில்லை. கடைசியில் 60 பவுன் வந்து சேர்கிறது. வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்று, பிரெஞ்சு நாட்டை நடந்தே கடந்து ஸ்விட்ஜர்லாந்துக்குப் போவதாகத் தீர்மானிக்கிறார்கள். கலைந்த பட்டாளத்துச் சிப்பாய்கள் வழியெல்லாம் திரிகிறார்கள், பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று தங்கியிருந்த ஹோட்டல்காரி எச்சரிக்கிறாள். கேட்கவில்லை. சாமான் சுமக்க ஒரு கழுதை வாங்குகிறார்கள். அது ஷாரன்டன் போய்ச் சேருவதற்குள் தளர்ந்துவிடுகிறது. அதை இவர்கள் சுமக்காத குறை. அதை விற்றுவிட்டு ஒரு கோவேறு கழுதை. சில நாளில் ஷெல்லிக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. அவர் கோவேறு கழுதை மேல், பெண்கள் இருவரும் கால்நடை. த்ருவா நகரத்தில் அதையும் விற்றுவிட்டு ஒரு வண்டி வாங்குகிறார்கள். கூலிக்கு அமர்த்திய வண்டிக்காரனுக்கும் இவர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. ஸ்விட்ஜர்லாந்து எல்லையை நெருங்குகையில், காட்டு அழகில் மயங்கி இவர்கள் கொஞ்சம் தாமதித்ததும், அவன் இவர்களை விட்டுவிட்டுத் தன் பாட்டுக்கு முன்னே போய்விடுகிறான்.

நம் பிரயாண நூல்களில் யாருக்கும் பணம் தீர்ந்துபோவதில்லை, காலும் வலிப்பதில்லை. இந்த நூலின் முதல் சிறப்பு அதுதான் என்று சொல்வேன். ஒவ்வொரு திருப்பத்திலும் பை எவ்வளவு கனம் என்று வாசகருக்குத் தெரிந்துகொண்டே இருக்கிறது. இதை அற்ப விஷயம் என்று நினைக்கக்கூடாது. அந்நிய ஊரில் ஒருவன் எதைப் பார்க்கிறான், எதைப் பார்க்காமல் விடுகிறான், யாரிடம் சிரிக்கிறான், யாரிடம் எரிந்து விழுகிறான் என்பதெல்லாம் பெரும்பாலும் மடியில் உள்ளதையும் வயிற்றில் உள்ளதையும் பொறுத்தது. அதைச் சொல்லாமல், ஜனங்கள் நல்லவர்கள், கெட்டவர்கள் என்று தீர்ப்புச் சொல்லும் நூலை நம்புவதற்கில்லை.

இதற்கு உதாரணமாக எஷமீன் என்ற கிராமத்தைப் பற்றிய பகுதியைச் சொல்லலாம். 1814-ம் வருஷ ஆரம்பத்தில் ருஷ்யப் படையோடு வந்த கொஸாக்குகள் அந்தப் பிரதேசம் முழுவதையும் சூறையாடியிருந்தார்கள். வீடுகள் எரிந்து கிடக்கின்றன. மாடு கன்று போய்விட்டது. மூன்று பேரும் களைத்துப்போய் அங்கே வருகிறார்கள். நல்ல சாப்பாடு கிடைக்கவில்லை. எங்கும் அழுக்கு. மேரிக்குக் கோபம். தன் வாழ்நாளில் இவ்வளவு அருவருப்பான ஊரைக் கண்டதில்லை என்ற தோரணையில் எழுதிவிடுகிறாள். பதினாறு வயசில் வாழ்நாள் எவ்வளவு என்று நாம் கேட்கலாம். ஆனால் அதே இடத்தில் இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். அந்த ஜனங்களுக்கு நெப்போலியன் பட்டம் இழந்த செய்தியே எட்டவில்லை. வீட்டை ஏன் திருப்பிக் கட்டிக்கொள்ளவில்லை என்று இவர்கள் கேட்கிறார்கள். கொஸாக்குகள் திரும்பி வந்தால் மறுபடியும் இடித்துவிடுவார்களே என்று பதில் வருகிறது.

கோபமும் இந்தப் பதிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்றை வைத்து மற்றொன்றை அவள் திருத்தவில்லை. அனுபவம் முதிர்ந்த எழுத்தாளர் ஒருவர் இந்த இடத்துக்கு வந்திருந்தால், யுத்தத்தின் கொடுமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, தம்முடைய எரிச்சலை மறைத்திருப்பார். நானாயிருந்தால் நிச்சயம் மறைத்திருப்பேன். மேரி மறைக்கவில்லை. அதனால் நமக்கு இரண்டு பேர் தெரிகிறார்கள்: வீடு இழந்த கிராமத்தான் ஒருவன்; பசியில் அவன் துக்கம் கண்ணில் படாத ஓர் இளம்பெண். யுத்தத்தைப் பற்றி இருநூறு வருஷத்தில் எவ்வளவோ எழுதியாகிவிட்டது. திரும்ப இடிப்பார்கள் என்று வீடு கட்டாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதனை எனக்குக் காட்டியது அரைநாள்கூட அங்கே தங்காத ஒரு வழிப்போக்கிதான்.

பிறகு மலை வருகிறது. ஆகஸ்ட் 19-ம் தேதி நூஷாத்தெல் பக்கத்தில் ஆல்ப்ஸ் முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. எட்டத்தில் வரிசை வரிசையாக மலைகள். அவற்றுக்கெல்லாம் பின்னால், மேகம்போல் வெளேரென்று பனிமலைகள். அவை ஆகாயத்தைச் சேர்ந்தவை அல்ல, பூமிதான் என்று ஒப்புக்கொள்ள அவளுடைய புத்தி சிரமப்பட்டதாம். கிரீடமும் இல்லை, சக்ரவர்த்தியும் இல்லை. கண்டது எது, அதை நம்புவதற்கு மனம் என்ன பாடுபட்டது என்ற இரண்டு மட்டுமே இருக்கின்றன. முதல் தடவை பார்க்கிறவருக்குத்தான் இது நேரும். ஸ்விட்ஜர்லாந்தில் நாற்பது வருஷம் குடியிருந்தவரால் மலைகளின் பெயரையும் உயரத்தையும் சொல்ல முடியும். மேகமா மலையா என்று திகைக்க முடியாது.

மூவரும் வந்தது சும்மா பார்த்துவிட்டுப் போக அல்ல. வில்லியம் டெல் கதை பிறந்த ஏரிக்கரையில், சுதந்திரத்தின் பிறப்பிடத்தில், நிலையாகக் குடியேறிவிடுவதாக உத்தேசம். லூசர்ன் ஏரியின் மறுகோடியில் புரூனென் என்ற ஊரில் பெரிய, அவலட்சணமான ஒரு வீட்டில் இரண்டு அறைகளை ஆறு மாதத்துக்கு வாடகைக்குப் பேசுகிறார்கள். குடி புகுந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார்கள். கையில் 30 பவுன்கூட இல்லை. டிசம்பர் வரையில் வேறு வரவும் இல்லை. இரண்டு நாளில் ஆறு மாதக் கனவு முடிந்துவிடுகிறது. நீர்வழி மலிவு என்று ராய்ஸ் நதியிலும் ரைன் நதியிலும் படகு படகாக மாறி இறங்குகிறார்கள். வழியில்தான் மேரிக்கு 17 வயது நிறைகிறது. செப்டம்பர் 13-ம் தேதி இங்கிலாந்துக் கரையில் இறங்கும்போது கப்பல்காரனுக்குக் கொடுக்கக் காசில்லை.

மலைகளுக்கு நடுவில் வாழ வேண்டும் என்று போய், வாடகையைக் கண்டு திரும்பிய இந்தக் கதையில் சிரிப்பும் இருக்கிறது, துக்கமும் இருக்கிறது. அதை ஆசிரியர் வலியுறுத்திக் காட்டவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறாள், அவ்வளவுதான்.

நடந்ததை நடந்தபடி என்று சொன்னேன். முழுவதும் உண்மையல்ல. இந்த நூலின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும்.

ரைன் நதிப் படகுகளில் கூட வந்த சாதாரண ஜனங்களைப் பற்றி அவள் எழுதுகிற ஏளனம் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் குடிக்கிறார்கள், புகை பிடிக்கிறார்கள், உரக்கச் சிரிக்கிறார்கள். இடத்துக்காக நடந்த தகராறில் ஷெல்லி ஒருவனைக் கீழே தள்ளியதைக்கூட ஒரு பெருமைபோலச் சொல்கிறாள். மனித குலத்தின் சமத்துவத்தைப் பாடிய கவி, டிக்கெட் வாங்கிய சக மனிதனைப் படகில் சகிக்கவில்லை. எஷமீனில் கோபத்துக்குப் பக்கத்தில் கிராமத்தான் வாய் திறந்து பேசினான். இங்கே யாருக்கும் வாய் இல்லை. அதனால்தான் இந்தப் பக்கங்கள் தாழ்ந்துவிடுகின்றன.

இன்னொரு குறை பெரியது. ஷெல்லிக்கு ஏற்கெனவே கல்யாணமாகியிருந்தது. கர்ப்பிணியான மனைவி ஹாரியட்டை லண்டனில் விட்டுவிட்டுத்தான் அவர் புறப்பட்டார். மேரி வீட்டுக்குத் தெரியாமல் ஓடிவந்தவள். சிற்றன்னை கலே வரையில் துரத்திக்கொண்டு வந்தாள். 1815 பிப்ரவரியில் மேரிக்குக் குறைப்பிரசவமாகிப் பிறந்த குழந்தை சில நாளில் இறந்தது. 1816 டிசம்பரில் ஹாரியட்டின் உடலை லண்டனில் நீரிலிருந்து எடுத்தார்கள். அதே மாதக் கடைசியில் ஷெல்லியும் மேரியும் விவாகம் செய்துகொண்டார்கள். நூலில் இவற்றில் ஒன்றும் இல்லை. முன்னுரையில் ஆசிரியை தன் கணவருடனும் சகோதரியுடனும் பிரயாணம் செய்ததாக வருகிறது. 1814-ல் அவர் கணவர் அல்ல.

அப்படியானால் நான் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்க விரும்பவில்லை. ஹாரியட்டின் சார்பில் பார்த்தால் 'கணவர்' என்ற அந்த ஒரு சொல் என்னுடைய வெள்ளிக் கிரீடத்தைவிட எவ்வளவோ கொடுமையானது. இல்லாதவள் ஆக்கப்பட்ட ஒரு பெண் அந்தச் சொல்லுக்கு அடியில் கிடக்கிறாள். அதை மன்னிக்க எனக்கு அதிகாரமில்லை. ஆனால் நூலைப் பிரயாண நூலாக மட்டும் எடைபோடும்போது ஒன்றைக் கவனிக்கலாம். மேரி தன்னைப் பற்றி மறைத்தாள். வழியைப் பற்றி மறைக்கவில்லை. கழுதை, சுளுக்கு, இடிந்த வீடு, வாடகைக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நான் வழியைப் பற்றியே பொய் சொன்னேன். பிரயாண நூலைக் கையில் எடுக்கிறவர் நம்மிடம் கேட்பது வழியைத்தான்.

வழியை உள்ளபடி எழுதிவைத்தால் என்ன பயன் என்பதற்கு 1816-ம் வருஷக் கடிதங்களில் நல்ல சான்று இருக்கிறது. அந்த மே மாதம் அவர்கள் மறுபடியும் ஜினீவாவுக்குப் போகிறார்கள். ஜூரா மலையைக் கடக்கும்போது வசந்த காலத்தில் பனி கொட்டுகிறது. வண்டி கவிழாமல் தாங்கிப் பிடிக்கப் பத்து ஆட்களைக் கூலிக்கு அமர்த்த வேண்டியிருந்தது என்று மேரி எழுதுகிறாள். பிறகு ஏரிக்கரையில் ஓயாத மழை, இடி, மின்னல். வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்த நாட்களில்தான் பேய்க்கதை எழுதும் போட்டி வந்ததும், பிராங்கன்ஸ்டைன் உருவானதும். கோடையில் ஏன் கோடை வரவில்லை என்று அவர்களுக்குத் தெரியாது. 1815 ஏப்ரலில், இன்றைய இந்தோனேஷியாவில் உள்ள தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி வானத்தில் பரவி வெயிலைக் குறைத்தது என்று பின்னால் வந்த விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். காரணம் தெரியாதபோதும் அவள் பனியையும் பத்து ஆட்களையும் குறித்து வைத்தாள். பனியின் அழகைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் இன்று நமக்கு அதனால் என்ன லாபம்?

அந்த ஜூலையில் ஷாமொனீக்குப் போகிறார்கள். நான் ஒரு பகல் இருந்த அதே ஊர். நூலில் இந்தப் பகுதியை எழுதியிருப்பவர் ஷெல்லி. பனியாறு நாள்தோறும் நகர்ந்து வந்து மேய்ச்சல் நிலத்தையும் காட்டையும் விழுங்குவதாக எழுதுகிறார். பூமி மெல்ல மெல்லக் குளிர்ந்து, கடைசியில் ஒரே பனிக்கட்டியாக உறைந்துவிடும் என்று பிரெஞ்சு விஞ்ஞானி புபோன் சொன்னதை நினைத்துக்கொள்கிறார். மோன்டான்வேர் என்ற மேட்டுக்கு ஏறப்போன முதல் நாள் மழை பிடித்து, வழியில் ஷெல்லி விழுந்து, எல்லோரும் திரும்பிவிட்டார்கள். மறுநாள் மறுபடியும் ஏறி, கீழே விரிந்து கிடந்த பனிக்கடலைப் பார்த்தார்கள். சில மணி நேரம்தான் பார்த்திருப்பார்கள். கணவர் அதைப் பற்றி நீண்ட கடிதமும் கவிதையும் எழுதினார். மனைவி அதைத் தன் நாவலுக்குள் எடுத்துக்கொண்டு போனாள். பிராங்கன்ஸ்டைன் அந்தப் பனிக்கடலில் தனியாக நிற்கும்போது, தூரத்தில் மனித உயரத்துக்கு மேற்பட்ட ஓர் உருவம் மனித வேகத்துக்கு மேற்பட்ட வேகத்தில் பனிப் பிளவுகளைத் தாண்டி வருகிறது. தான் படைத்துக் கைவிட்ட பிராணியைச் சிருஷ்டித்தவன் நேருக்கு நேர் சந்திக்கிற இடம் அது. நாவலின் உயிர்நிலை. ஒரு சுற்றுலாக்காரியின் ஒரு பகல் பொழுது அதைக் கொடுத்தது.

அந்த இடத்துக்கு நானும் போனேன். மேகத்தால் மலை தெரியாது என்றதும் எங்களைப் பல்சக்கர ரயிலில் ஏற்றி மோன்டான்வேருக்கு அழைத்துப்போனார்கள். அந்தப் பாதை 1909-லிருந்து இருக்கிறது. மேலே நின்று எட்டிப் பார்த்தேன். பனிக்கடல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. வெகு ஆழத்தில், சாம்பல் நிறக் கல்லும் மண்ணும் மூடிய ஏதோ ஒன்று கிடந்தது. நம் பக்கத்துக் கல் குவாரி மாதிரி. ஐஸைத் தொட வேண்டுமானால் அப்போது இரும்புப் படிகளில் இறங்கிப்போக வேண்டியிருந்தது. வயசானவர்கள் மேலேயே தங்கிவிட்டார்கள். நான் இறங்கினேன். பக்கத்தில் பாறையில் சின்னச் சின்னப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வருஷம். அந்த வருஷத்தில் பனி இந்த மட்டம் வரையில் இருந்தது என்று அர்த்தம். 1990 என்ற பலகையைத் தாண்டியபோது, அப்போது நான் பள்ளிக்கூடத்துப் பையன் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கான படிகள் இறங்கியும் ஐஸ் வரவில்லை. முழங்கால் நடுங்கிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அந்தப் பனியாறு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. 1816-ல் ஷெல்லி பயந்தது பனி வந்து உலகத்தை மூடிவிடுமோ என்று. இன்று பயம் நேர்மாறானது. பனி எங்கே வரைக்கும் வந்தது, எதையெல்லாம் அழித்தது என்று அவரைப் போன்ற வழிப்போக்கர்கள் எழுதியும் படமாக வரைந்தும் வைத்ததனால்தான், எவ்வளவு போய்விட்டது என்று இன்று நமக்குத் தெரிகிறது.

அந்தப் படிகளைப் பற்றி என் தொடரில் ஒரு வார்த்தை இல்லை. குவாரி மாதிரி இருந்ததைச் சொன்னால் வாசகர்கள் ஏமாந்துபோவார்கள் என்று விட்டுவிட்டேன். பார்த்ததை விட்டுவிட்டுப் பார்க்காததை எழுதினேன். விருதுநகர்ப் பெரியவருக்கு நான் உண்மையில் கொடுத்திருக்கக்கூடியது அந்தப் பலகைகள்தான். அதை யாரும் அவருக்குக் காலண்டர் படத்தில் காட்டியிருக்கமாட்டார்கள்.

மேரி ஷெல்லியின் கடைசிப் புத்தகமும் பிரயாண நூல்தான், 1844-ல் வந்தது. 1840-ல், 43-ம் வயசில், மகனோடு போய்விட்டுத் திரும்பும் வழியில் அந்த அம்மாள் மறுபடியும் ஜினீவா ஏரிக்கரையைக் கடக்கிறாள். அங்கே தோளில் சுமந்த குழந்தை வில்லியம் 1819-ல் ரோமாபுரியில் இறந்துவிட்டான். ஷெல்லி 1822-ல் கடலில் போனார். ஏரிக்கரையில் பேய்க்கதைப் போட்டியைத் தொடங்கிவைத்த பைரன் 1824-ல் போனார். பைரன் குடியிருந்த டியோடாட்டி மாளிகையும், அதற்குக் கீழே தாங்கள் குடியிருந்த சின்ன வீடும் அப்படியே இருக்கின்றன. அந்த வீட்டில் வசித்தவள் தான்தானா என்று அந்த அம்மாளுக்குச் சந்தேகம் வருகிறது. நிதானமும் படிப்பும் நிறைந்த நூல் அது. இத்தாலியரின் அரசியல் துயரத்தைப் பற்றியெல்லாம் முதிர்ச்சியோடு பேசுகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் பின்னதே சிறந்த நூல் என்று விமர்சகர்கள் சொல்லக்கூடும். நானும் மறுக்கமாட்டேன். ஆனால் அந்த ஏரிக்கரைப் பக்கம் நம்மைத் தொடுவதற்குக் காரணம், முன்னதைப் படித்திருப்பதுதான். 1814-லும் 1816-லும் அவள் உள்ளபடி எழுதிவைக்காமல் இருந்திருந்தால், 1840-ல் திரும்பிப் பார்க்க என்ன இருந்திருக்கும்?

பத்து நாளில் ஒரு தேசத்தை அறிய முடியாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆகையால் தேசத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிற பத்து நாள் நூல்களை இனியும் ஓரமாகத்தான் வைப்பேன். ஆனால் பத்து நாளில் தன் காலுக்கும் கண்ணுக்கும் என்ன நேர்ந்தது என்று ஒருவன் எழுதினால், அதைப் படிக்க நான் தயார். அதற்கு நீண்ட காலம் தேவையில்லை. வெட்கப்படாமல் இருந்தால் போதும்.

என் தொடரைப் புத்தகமாகப் போட வேண்டும் என்று பதிப்பாளர் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆறாவது அத்தியாயத்தில் சக்ரவர்த்தியை எடுத்துவிட்டு மேகத்தைப் போடப்போகிறேன்; குவாரியையும், படிகளையும், முழங்கால் நடுக்கத்தையும் சேர்க்கப்போகிறேன். அச்சானதும் முதல் பிரதியை விருதுநகருக்கு அனுப்ப உத்தேசம். கூடவே, இத்தனை நாள் போடாத பதிலையும்.